மழை நீரில் நின்ற வண்டியும் இன்ஷூரன்ஸ் பத்திரமும்

2025 செப்டம்பர் 22-ந் தேதி இரவு தொடங்கி மறுநாள் காலை வரை கல்கத்தாவில் அடைமழை பெய்தது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதிவான அளவு 251.4 மில்லிமீட்டர். விடியற்காலையில் ஒரு மணி நேரத்தில் மட்டும் 98 மில்லிமீட்டர் கொட்டியது. கரியாவில் 332, ஜோத்பூர் பார்க்கில் 285, காளிகாட்டில் 280 என்பது மாநகராட்சியின் கணக்கு. தமிழர்களுக்குப் பழக்கமான லேக் மார்க்கெட் காளிகாட்டை ஒட்டியே இருக்கிறது. துர்க்கா பூஜைக்கு ஐந்தாறு நாட்களே இருந்த சமயத்தில் ரயிலும் மெட்ரோவும் தடைப்பட்டன. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து இறந்தவர்கள்.

உயிர்ச்சேதத்துக்கு அடுத்தபடியாக, சிறு வருமானக்காரர்களைப் பாதித்தது வண்டிகளின் சேதம். குமாஸ்தாவின் ஸ்கூட்டரும் வாடகைக்கு ஓடும் காரும் பெரும்பாலும் கடனில் வாங்கியவை. வண்டி நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. ஆகவே இந்தச் சேதம் எப்படி நேருகிறது, அதை யார் ஏற்கிறார்கள் என்று ஆராய்வது அவசியம்.

கவனிக்க வேண்டிய முதல் விஷயம், மழை இரவில் பெய்தது என்பதே. அநேக வண்டிகள் என்ஜின் அணைந்த நிலையில் சந்திலும் தெருவோரத்திலும் நின்றிருந்தன. அணைந்த என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் அது அங்கேயே தங்குமே தவிர, எதையும் முறிப்பதில்லை. முறிவு நேருவது காலையில், சொந்தக்காரர் சாவியைத் திருப்பும்போது.

காரணம் எளியது. சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. காற்று அழுத்தத்துக்குச் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. தண்ணீர் நிறைந்த சிலிண்டரில் பிஸ்டன் மேலே ஏற முயன்றால், அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தண்ணீரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீரை உறிஞ்சிய என்ஜினில், ராட் முறிந்து என்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளிவருவதும் உண்டு. டீசல் என்ஜினில் அழுத்தம் அதிகமாகையால் அபாயமும் அதிகம்.

அம்பாஸடர் காலத்துப் பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் போகவில்லை. உத்தர்பாராவில் தயாரான அந்தக் கார் மழையில் நின்றால், டிரைவர் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்துவிடுவார். அது மின்சார இணைப்பு நனைந்ததற்கான வைத்தியம். சிலிண்டரில் நீர் புகுந்ததற்கு அல்ல. அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றது. இப்போதைய வண்டிகளில் என்ஜினை நடத்துவது மின்னணுக் கருவி. அது நனைந்திருக்கையில் சாவியைத் திருப்பினால் இரட்டை நஷ்டம்.

செய்ய வேண்டியது என்ன?

தண்ணீர் வடிந்து, அருகில் மின்கசிவு இல்லை என்று தெரிந்த பிறகே வண்டியிடம் போக வேண்டும். வண்டியைவிட உயிர் பெரிது. தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்பது தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். சாவியையும் கிக்கரையும் தொடக்கூடாது. பாட்டரி இணைப்பைக் கழற்றி, நியூட்ரலில் வைத்துத் தள்ளிக்கொண்டோ, வேறு வண்டியில் ஏற்றியோ மெக்கானிக்கிடம் சேர்க்க வேண்டும். கியரில் வைத்து இழுத்தால் என்ஜின் சுழலும். அதுவும் ஸ்டார்ட் செய்வதற்குச் சமம்.

மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி சிலிண்டர் நீரை வெளியேற்றுவார். ஏர் பில்டரையும் பெட்ரோல் டாங்கையும் பார்ப்பார். ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றியே ஆக வேண்டும். உள்ளே துருப் பிடிக்குமுன் இவை நடக்க வேண்டும். இந்த அளவில் முடிந்தால் செலவு சில ஆயிரம். ராட் வளைந்த பிறகு என்ஜினையே பிரித்தாக வேண்டும்.

பத்திரம் சொல்வது என்ன?

இரண்டாவது அடி இன்ஷூரன்ஸில் விழுகிறது. சட்டப்படி கட்டாயமானது மூன்றாம் நபருக்கான பாலிசி மட்டுமே. அதில் சொந்த வண்டியின் வெள்ளச் சேதத்துக்குச் சல்லிக்காசு கிடைக்காது. 2018 செப்டம்பர் முதல் புதிய இரு சக்கர வண்டிகளுக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் பாலிசி கட்டாயமாயிற்று. அத்துடன் சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கே தரப்படுகிறது. பத்திரத்தில் ஐந்து வருஷம் என்று பார்த்து, எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நம்பி இருப்பவர் எத்தனை பேர்!

சொந்தச் சேதப் பாலிசி உள்ளவருக்கும் சிக்கல் உண்டு. வெள்ளமும் புயலும் அதில் அடங்கும். ஆனால் பின்விளைவாக வரும் நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்றும், பழுது நீக்குமுன் வண்டியை ஓட்டினால் கூடுதல் சேதம் சொந்தக்காரரையே சேரும் என்றும் அதே பத்திரத்தில் நிபந்தனை இருக்கிறது. ராட் வளைந்ததற்குக் காரணம் வெள்ளமா, சாவியைத் திருப்பியதா என்ற வழக்கு இங்கேதான் எழுகிறது. கம்பெனிகள் இரண்டாவது காரணத்தைக் காட்டி என்ஜின் பாகத்தை மறுப்பது வழக்கம். தனிக் கட்டணம் செலுத்தி என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்தவர்களுக்கே இதில் நிம்மதி. அதிலும் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மறுத்தால் அத்தோடு விட்டுவிட வேண்டியதில்லை. முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கல்கத்தாவிலும் சென்னையிலும் அவருக்கு அலுவலகம் உண்டு.

இது ஒரு நாள் கூத்தல்ல. 1978 செப்டம்பரில் இதே நகரில் ஒரே நாளில் 369.6 மில்லிமீட்டர் பெய்தது. சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வண்டிகள் மூழ்கின. கல்கத்தா ஹூக்ளிக் கரையில் இருந்தாலும் நிலம் கிழக்கே சரிகிறது. மழை நீரைப் பம்ப் செய்து கால்வாய் வழியாகக் கிழக்கே குல்ட்டி ஆற்றுக்கு அனுப்பியாக வேண்டும். ஹூக்ளியில் கடலேற்றம் வரும்போது மதகுகளை மூடுவதால் அந்தப் பக்கமும் வடிகால் அடைபடும். மாநகராட்சி பம்புகளைக் கூட்டி, கால்வாய்களைத் தூர் வாரட்டும். அதோடு, மழைக்காலத்துக்கு முன்பே, "நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதே" என்ற ஒரு வரியை வங்காளியிலும் ஹிந்தியிலும் தமிழிலும் அச்சிட்டு ஒவ்வொரு பாலிசியோடும் அனுப்பக் கம்பெனிகளைச் சர்க்கார் கட்டாயப்படுத்த வேண்டும். பொடி எழுத்தில் நிபந்தனை அச்சிடத் தெரிந்தவர்களுக்கு, பெரிய எழுத்தில் ஒரு எச்சரிக்கை அச்சிடுவது கடினமல்ல.

அதுவரை, பீரோவில் இருக்கும் பத்திரத்தை இன்றே எடுத்து, சொந்தச் சேதப் பாதுகாப்பு எந்தத் தேதி வரை என்று பார்த்துக்கொள்வது நல்லது.