ஆர்ல் அரங்கில் காணாமல் போன வீடுகள்

நண்பர்கள் கூட்டமாகத் தென் பிரான்சுக்குக் கிளம்பினால் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். நீம், ஆர்ல், அவிஞ்ஞோன், கார்க்காசோன். ஊருக்கு இரண்டு மணி நேரம், நாற்பது ஃபோட்டோ, அடுத்த ரயில்! தப்பில்லை. ஆனால் பார்ப்பது எதை என்று கொஞ்சம் யோசிக்கலாமே.

ஆர்ல் ஊரின் ரோமானிய அரங்கம் சுமார் கி.பி. 90-ல் கட்டப்பட்டது. 20,000 பேர் உட்காரக்கூடியது. ரோமப் பேரரசு விழுந்த பிறகு, பாதுகாப்புக்காக மக்கள் அதற்குள்ளேயே குடியேறினார்கள். 200-க்கும் மேற்பட்ட வீடுகள், இரண்டு சிறு தேவாலயங்கள், காவல் கோபுரங்கள்... அரங்கமே ஒரு குட்டி ஊர்! பழைய ரோம் தெரிய வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் அந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். மிஞ்சியவை மூன்று கோபுரங்கள்.

கார்க்காசோனிலும் இதே கதைதான். 1853-ல் வியோலே-லெ-டுக் கோட்டையைச் சீரமைக்கத் தொடங்கினார். கூம்புக் கூரைகள் வந்தன. இரு மதில்களுக்கு நடுவே இருந்த ஏழைகளின் வீடுகள் போயின.

சீரமைத்ததே தப்பு என்று சொல்ல முடியாது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அரசு அந்த மதில்களையே கைவிடப் பார்த்தது. உள்ளூர்க்காரர்கள் போராடியதால்தான் அவை நிற்கின்றன. ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே அடுப்பெரித்தவர்கள் வரலாற்றில் சேர்த்தி இல்லையா? மன்னனும் போர்வீரனும் மட்டும்தானா?

அடுத்த முறை போகிறவர்கள் பட்டியலில் ஓர் ஊரைக் குறைத்துவிட்டு, ஆர்ல் அரங்கின் மேல்படியில் நாலு பேராக உட்கார்ந்து இதைப் பேசிப் பாருங்கள். ஃபோட்டோ அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.