கூட்டுத்தொகையும் காட்டிக்கொடுக்கும்

பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நீக்கிவிட்டால் ஒரு மாணவரின் தகவல் பத்திரமாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பேராக்கின் சிறிய தமிழ்ப்பள்ளிகளை அறிந்தவர்கள் கொஞ்சம் யோசித்தால், இந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பது புரியும். ஆறாம் ஆண்டில் நான்கே பிள்ளைகள், அவர்களுள் ஒருத்தி மட்டுமே பெண் என்று வைத்துக்கொள்வோம். ‘இந்தப் பள்ளி, ஆறாம் ஆண்டு, பெண்கள், கணிதம்’ என்று கணினியிடம் கேட்டால் வரும் சராசரி, அந்த ஒருத்தியின் மதிப்பெண்தான். பெயர் எதற்கு? அவள் யாரென்று தாமான் முழுவதும் தெரியுமே!

நான் ஈப்போவில் தரவுத்தளத் துறையில் வேலை செய்கிறேன். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப்பள்ளி ஒன்றில் படித்தவன். அதனால்தான் இந்தக் கேள்வி எனக்குத் தொழில் கேள்வியாக மட்டும் தெரியவில்லை. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது குடும்பங்கள் ஈப்போவுக்கும் மற்ற பட்டணங்களுக்கும் பெயர்ந்தன. பள்ளிகள் பல தோட்டத்திலேயே நின்றுவிட்டன. 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ளவற்றைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்துகிறது. பேராக்கில் உள்ள 134 தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெரிய அமைப்புகள் தரவை ஆராய்வதற்கு ‘கனசதுரம்’ என்ற முறையில் அடுக்கி வைக்கின்றன. ஆங்கிலத்தில் ‘கியூப்’ என்பார்கள். மதிப்பெண், வருகை போன்றவை அளவைகள். பள்ளி, மாவட்டம், ஆண்டு, பாடம், பாலினம், இனம் ஆகியவை பரிமாணங்கள். எந்தப் பரிமாணத்தின் வழியாகவும் தரவை வெட்டிப் பார்க்கலாம். அப்படியானால் யார் எந்தத் துண்டைப் பார்க்கலாம் என்பதையும் வரையறுக்க வேண்டும். தலைமையாசிரியருக்குத் தம் பள்ளி, கிந்தா உத்தாரா மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தன் மாவட்டம், மாநிலக் கல்வி இலாகாவுக்குப் பேராக் முழுவதும். இதைத்தான் பரிமாண அளவிலான கட்டுப்பாடு என்கிறோம்.

தரவு கசியும் பயம் நமக்குப் புதிதல்ல. பெற்றோர் பிள்ளையின் அடையாள அட்டை எண்ணைத் தட்டித் தேர்வு முடிவைப் பார்த்துவந்த ‘சப்ஸ்’ முறையில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாக 2018 ஜூனில் புகார் எழுந்தது. கல்வி அமைச்சு அதைத் தற்காலிகமாக மூடியது. 2024 ஜனவரி 2-ஆம் நாள் ‘பாடு’ தரவுத்தளம் தொடங்கியபோதும், அடையாள அட்டை எண்ணை வைத்துப் பிறருடைய கடவுச்சொல்லை மாற்றிவிட முடியும் என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் எச்சரித்தார். பிறகு அது சரிசெய்யப்பட்டது. இவை இரண்டும் வாசல் கதவின் கதை. உள்ளே வர உரிமை பெற்றவர் எந்தெந்த அறைக்குள் போகலாம் என்பதைப் பற்றி நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

உள்ளறைப் பூட்டில் கவனிக்க வேண்டியவை மூன்று. பரவலாகப் பயன்படும் மைக்ரோசாப்ட் அனாலிசிஸ் சர்வீசஸ் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பயனர் பிரிவுக்குக் கனசதுரத்தைப் படிக்க அனுமதி கொடுத்துவிட்டுப் பரிமாணத்தில் எல்லை எதுவும் குறிக்காமல் விட்டால், அந்தப் பரிமாணம் முழுவதும் அவர்களுக்குத் தெரியும். பூட்டாத அறை திறந்த அறைதான்.

இரண்டாவது, ஒருவர் இரண்டு பிரிவுகளில் இருந்தால் இரண்டின் அனுமதிகளும் ஒன்றுசேரும். ஒரு பிரிவு மறைப்பதை மற்றொன்று காட்டிவிடும். சுங்கை சிப்புட்டிலிருந்து தாப்பாவுக்கு மாற்றலாகிப் போன ஆசிரியரின் பழைய அனுமதியை யாரும் நீக்காவிட்டால், அவர் இரண்டு பள்ளிகளின் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவதுதான் மிக நுட்பமானது: கூட்டுத்தொகை. ஐந்து பள்ளிகளில் ஒன்றை ஓர் அலுவலர் பார்க்கக் கூடாது என்று மறைத்துவிட்டார்கள். அவர் பார்க்கும் நான்கு பள்ளிகளில் கணிதத்தில் அடைவுநிலை எட்டாதவர்கள் முறையே 9, 8, 7, 4 பேர். மொத்தம் 28. ஆனால் கீழே உள்ள கூட்டுத்தொகை 31 என்று காட்டுகிறது. மறைத்த பள்ளியில் மூவர் என்று கழித்தலில் தெரிந்துவிடுகிறது. அங்கே அந்த வகுப்பில் இருப்பதே மூன்று பேர் என்றால்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பார்க்க அனுமதி உள்ளவற்றை மட்டும் கூட்டிக்காட்டும் வசதி அந்த மென்பொருளில் இருக்கிறது. ஆனால் அதை நாமாகத்தான் இயக்க வேண்டும், தானாக இயங்காது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே உள்ள கட்டங்களைக் காட்டக் கூடாது என்ற விதியும் கூடவே வேண்டும்.

‘அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டிவிடலாமே?’ என்று கேட்கலாம். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். இனம், மாவட்டம், பள்ளி வகை ஆகிய பரிமாணங்களை முற்றாக மூடினால் முதலில் கண்ணுக்குத் தெரியாமல் போவது நாம்தான். தோட்டத்தைவிட்டு வந்த குடும்பம் கணக்கில் ஈப்போவின் நகர்ப்புறக் குடும்பமாகிவிடுகிறது. நகரத்தின் சராசரியில் அதன் சிரமம் கரைந்துபோகிறது. எந்த வட்டாரத்தில் நம் பிள்ளைகள் படிவம் ஐந்துக்கு முன்பே பள்ளியை விடுகிறார்கள் என்று தெரியாமல் எந்த உதவியைக் கேட்பது? புள்ளிவிவரத் துறையின் ‘கவாசான்கூ’ தளத்தில் நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதி வரையில் இன விகிதத்தையும் குடும்ப வருமானத்தையும் யாரும் பார்க்கலாம். இந்தத் திறந்த தன்மை நமக்குத் தேவை. சமூகத்தின் நிலை எல்லாருக்கும் தெரியட்டும். தனிப்பட்ட பிள்ளையின் நிலை தெரிய வேண்டியவருக்கு மட்டும் தெரியட்டும். நல்ல பரிமாணக் கட்டுப்பாடு இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். முழுவதும் திறப்பதும் முழுவதும் மூடுவதும் சோம்பேறித்தனம்.

இந்தப் பொறுப்பைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. கூட்டரசு இலாகாக்கள் தங்களுக்குள் தரவைப் பகிர வழிசெய்யும் தரவுப் பகிர்வுச் சட்டமும் 2025-இல் நடப்புக்கு வந்துவிட்டது. பகிர்வதில் நன்மை உண்டு. உதவி உரியவரை விரைவில் சேரும். ஆனால் தரவு பல கைகளுக்குப் போகும்போது உள்ளறைப் பூட்டுகளின் தேவையும் கூடுகிறது.

ஆகவே மாணவர்களே, உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கு ஒமார் பாலிடெக்னிக்கிலும் கம்பார் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்திலும் கணினித் துறையில் படிக்கிறவர்கள், இறுதியாண்டுத் திட்டப்பணியில் அழகான வரைபடத்தோடு நின்றுவிடாதீர்கள். மூன்று வேறு பயனர்களாக உள்நுழைந்து, ஒவ்வொருவருக்கும் என்ன தெரிகிறது என்று சோதியுங்கள். கூட்டுத்தொகையிலிருந்து கழித்துப் பாருங்கள். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. வகுப்பின் மதிப்பெண் பட்டியல் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தால், ‘இதை யாரெல்லாம் பார்க்கிறார்கள்? ஏன் பார்க்க வேண்டும்?’ என்று மரியாதையோடு கேளுங்கள்.

அரசாங்க அமைப்புகளுக்கான அடுத்த கனசதுரத்தை வடிவமைக்கும் அறையில் உங்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். நான்கே பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது என்பதை அந்த அறையில் நினைவூட்ட வேண்டியவர் நீங்கள்தான்.