பெயர் ஒன்று, ஆள் வேறு!

எங்கள் கொல்லிமலையில் வழி கேட்டால், ஊர்ப் பெயரோடு நாட்டின் பெயரையும் கேட்பார்கள். "வாழவந்திநாடா, சேளூர்நாடா, அரியூர்நாடா?" என்று தெரிந்த பிறகுதான் கை காட்டுவார்கள். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவன் தப்பான ஊரில் போய் நிற்கக் கூடாதல்லவா? இந்தச் சின்ன முன்யோசனை நாம் லேபில் பயன்படுத்தும் பைத்தானுக்கு இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

நடந்ததைச் சொல்கிறேன். பிராஜெக்டுக்காகத் தமிழ் எழுத்துகளை எண்ணும் புரோகிராம் எழுதினோம். 'கொல்லிமலை' என்ற சொல்லைப் பைத்தானிடம் கொடுத்து நீளம் கேட்டால் 9 என்கிறது. புள்ளியும் கொம்பும் அதற்குத் தனித்தனிக் குறியீடுகள். நமக்கோ அது 5 எழுத்து. சரியாகப் பிரித்துத் தர 'ஓப்பன்-தமிழ்' என்ற நல்ல லைப்ரரி இருக்கிறது. நிறுவும்போது அந்தப் பெயர். இம்போர்ட் செய்யும்போது வெறும் 'தமிழ்'.

வீட்டில் அருமையாக ஓடியது. எல்லா ஃபைலையும் பென் டிரைவில் ஒரே போல்டரில் அள்ளிக்கொண்டு வைவாவுக்கு வந்தோம். லேபில், "'தமிழ்' ஒரு பேக்கேஜ் அல்ல" என்று பிழைச்செய்தி! "நேத்து நைட்டு ஓடுச்சேடா!" என்று கூட்டாளி தலையில் கை வைத்தான். லைப்ரரியை மறுபடி மறுபடி நிறுவி இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால், என்றோ சோதனைக்கு நாங்களே எழுதிய 'தமிழ்.பிஒய்' என்ற பத்து வரி ஃபைல் அதே போல்டரில் உட்கார்ந்திருந்தது.

வல்வில் ஓரியின் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று எல்லாவற்றையும் துளைத்துப் போனதாம். இம்போர்ட் அப்படி இல்லை. முதலில் அகப்பட்டதோடு நின்றுவிடும். ஓடுகிற ஃபைலின் போல்டரில் முதலில் தேடும். பிறகு 'பைத்தான்பாத்'தில் சொன்ன இடங்கள், அப்புறம் ஸ்டாண்டர்டு லைப்ரரி, கடைசியில்தான் நாம் நிறுவியவை. அதனால் போல்டர் மாறினால் பெயரின் பொருளும் மாறுகிறது.

"பக்கத்து ஃபைலை எளிதாக இம்போர்ட் செய்ய இந்த வசதி வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால், 'இது என் ஃபைல்' என்று எழுதுபவன் வெளிப்படையாகச் சொல்லட்டும். பேக்கேஜுக்குள் இதே குழப்பம் முன்பு இருந்தது. 2008-ல் வந்த பைத்தான் 3, சொந்த பேக்கேஜில் உள்ளதை அழைக்கப் புள்ளி வைத்துச் சொல் என்று அதைத் தீர்த்தது. கோ மொழியில் 2018-ல் வந்த மாட்யூல் முறை முழு முகவரியையும் பதிப்பு எண்ணையும் எழுதி வைக்கச் சொல்கிறது. நம்ம ஊர் 'எந்த நாடு?' கேள்விதான் அது! பைத்தானிலும் 2022-ல், 3.11 பதிப்பில், ஃபைலின் போல்டரைத் தேடல் பட்டியலில் சேர்க்காதே என்று சொல்ல ஒரு ஸ்விட்ச் வந்தது. ஆனால் அது நாம் கேட்டால்தான் வேலை செய்யும். கேட்காமலே அப்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதுவரை நாம் செய்யக்கூடியவை மூன்று. லைப்ரரியின் பெயரை நம் ஃபைலுக்கு வைக்க வேண்டாம். பிராஜெக்டுக்கு ஒரு தனிச் சூழல் அமைத்து, பதிப்பு எண்களை எழுதி வைப்போம். பிழை வந்தால், அந்த மாட்யூல் எந்த ஃபைலிலிருந்து வந்தது என்று முதலில் அச்சிட்டுப் பார்ப்போம்.

வொர்க்‌ஷாப்பில் ஸ்பேனரின் அளவு அதன் மேலேயே பொறித்திருக்கும். எந்த பெஞ்சில் வைத்தாலும் 12 என்றால் 12 தான். பெயரும் அப்படி இருக்க வேண்டும், தோழர்களே!