வாய்ப்பு கொடுத்தவர்கள் பதில் சொல்லட்டும்

2021 சட்டமன்றத் தேர்தல் பிரசாரத்தில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியைத் தாக்கப் புறப்பட்ட ஆ.ராசாவின் பேச்சு, முதல்வரின் தாயைக் கொச்சைப்படுத்துவதில் போய் முடிந்தது. ராசா மன்னிப்புக் கேட்டார்; தேர்தல் ஆணையம் 48 மணி நேரம் பிரசாரத் தடை விதித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் அவரே திமுக வேட்பாளர். 2023 செப்டம்பரில், சந்திரயான்-3 பற்றிய மக்களவை விவாதத்தில் சக உறுப்பினர் தானிஷ் அலியை மதத்தைச் சொல்லி இழிவாகப் பேசினார் பாஜகவின் ரமேஷ் பிதூரி. அந்தச் சொற்களை அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார்கள். காணொலி நாடு முழுக்க ஓடிய பிறகு குறிப்பிலிருந்து நீக்கி யாருக்கு என்ன ஆறுதல்? 2024-இல் பிதூரிக்கு வாய்ப்பு தரப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் 2025 டெல்லி சட்டமன்றத் தேர்தலில் கல்காஜி தொகுதி அவருக்குக் கிடைத்தது. அங்கே பிரியங்கா காந்தியின் கன்னத்தை வம்புக்கு இழுத்துவிட்டு வருத்தம் தெரிவித்தார்.

அவைக்குள் பேசியதற்கு நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அரசமைப்பின் 105-ஆவது பிரிவு காப்பாற்றும். அமைச்சர்களின் பேச்சுக்கெனக் கூடுதல் கட்டுப்பாடு விதிக்க முடியாதென 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. அது சரியான தீர்ப்புதான். பேச்சை அடக்கும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்தால் முதலில் மாட்டுவது எதிர்க்கட்சியும் பத்திரிகையும்தான். ஆக, மிச்சம் இருப்பது கட்சித் தலைமை. மனம் வைத்தால் அதனால் முடியும். பெண்களையும் சமயங்களையும் இழிவுபடுத்திய பேச்சுக்காக 2025 ஏப்ரலில் பொன்முடியின் துணைப் பொதுச்செயலாளர் பதவியை ஒரே அறிவிப்பில் பறித்தது திமுக. அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பதவியைத் திருப்பியும் கொடுத்தது.

மேடையில் பேசுவது மக்கள் மொழி, அதில் காரம் இருக்கத்தான் செய்யும் என்கிறார்கள். காரம் இருக்கட்டும். ஊழலையும் கையாலாகாத்தனத்தையும் எவ்வளவு சூடாகவும் சாடலாம். அதற்கு எதிராளியின் தாயோ மனைவியோ எதற்கு? அரசியலுக்கே வராத பெண்தான் அங்கே அடிபடுகிறாள். பிடிக்காவிட்டால் மக்கள் தோற்கடிக்கட்டும் என்பதும் சரியான பதிலல்ல. இங்கே பெரும்பாலானோர் சின்னத்துக்கு வாக்களிக்கிறார்கள். அதில் யாரை நிறுத்துவது என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. குற்ற வழக்கு உள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதைக் கட்சிகள் வெளியிட வேண்டுமென 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆபாசப் பேச்சுக்காகத் தேர்தல் ஆணையம் தடை விதித்த ஒருவரை மறுபடி நிறுத்தும் கட்சியும் அதேபோல் காரணத்தை எழுதி, கையெழுத்திட்டு, அந்தத் தொகுதி மக்களுக்குத் தர வேண்டும்.