மடங்கிய விரலில் இருந்த வலு



மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் நின்றால் என் கண் சிலைக்குப் போகாது. உளி பிடித்த விரல்களிலேயே நிற்கும். 'இவ்வளவு போதும்' என்று சிற்பி நினைக்கும் இடத்தில் கை நின்றுவிடுகிறது. கைக்கு வரும் அந்த ஆணை மூளையின் மேற்பரப்பில் கிளம்பி, முகுளத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் மாறி, தண்டுவடத்தில் இறங்குகிறது. வலது கையை இடது மூளை ஆள்வது அதனால்தான். தண்டுவடத்தில் இன்னொரு நரம்பு அதை வாங்கி, தோள், முழங்கை கடந்து விரல் வரை கொண்டுசேர்க்கிறது.

அந்தக் கடைசித் தூரத்தில் வழி அறுந்தால் என்ன செய்வது? விடைக்கான ஒரு தடயம் கிடைத்தது மாமல்லபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில்.

முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுமே, தொழுநோய் பெரிதும் தாக்குவது அந்த நரம்பைத்தான். அது பட்டுப்போனால் உள்ளங்கையின் சிறு தசைகள் ஓய்ந்து, விரல்கள் மடங்கிவிடும். 1947-ல் திருமணி தொழுநோய் மருத்துவமனைக்கு தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்க வந்தார் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர், வேலூர் சி.எம்.சி.யின் அறுவை மருத்துவர். விரல் மடங்கிய நோயாளி ஒருவரிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். அந்தப் பிடி பிராண்டுக்கே வலித்தது!

செத்த கை என்று எல்லோரும் கைவிட்ட கையில் அத்தனை வலு. அப்படியானால் முன்கைத் தசைகளுக்கு மூளையின் ஆணை இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று புரிந்தது. 1948-ல் வேலூரில் அறுவையைத் தொடங்கினார். விரலை மடக்கும் நல்ல தசை ஒன்றின் நாணைப் பிரித்து, விரலை நிமிர்த்தும் இடத்தில் தைத்தார்கள். மடக்கியே பழகிய தசை அது. நிமிர்த்தப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி வேண்டியிருந்தது. நோயாளிகள் அலுக்காமல் பழகினார்கள். நிமிர்ந்த அந்தக் கைகள் பிறகு தச்சு வேலை கற்றன. எனக்கு இது எந்தச் சிற்பத்துக்கும் குறைந்த வேலையாகத் தெரியவில்லை.

திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. தொழுநோய்க்கான மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். பெரும்பாலோருக்கு 6 அல்லது 12 மாதத்தில் சிகிச்சை முடிந்துவிடும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது உணர்ச்சியில்லாத தேமல் தெரிந்தால், விரல் மடங்கும்வரை காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்