பயறு வேகாமைக்குப் பொறுப்பாளி யார்?

பயிர்த்தொழிலுக்கென்று வெளியாகும் இப்பத்திரிகையில் அடுப்பங்கரை விஷயத்திற்கு இடமேது என்று வாசகர்களிற் சிலர் வினவக்கூடும். விளைந்த பண்டம் களத்தை விட்டு வண்டியேறியதுடன் உழவனுடைய பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை என்பது நமது அபிப்பிராயம். இதனை விளக்குதற்கு மெக்ஸிகோ தேசத்தார் அன்றாடம் உண்ணும் பீன்ஸ் பயற்றைவிடத் தக்க உதாரணம் கிடைப்பது அரிது.

நம் கடைகளில் ராஜ்மா என்று விற்கப்படும் பயறும், மலைத்தோட்டங்களிலிருந்து பச்சைக் காயாக வரும் பீன்ஸும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இவ்வினத்தை மனிதர் முதன்முதலிற் பயிராக்கிய இடங்கள் இரண்டனுள் மெக்ஸிகோ ஒன்று. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் கலந்து விதைக்கும் ‘மில்பா’ என்னும் முறை அங்கே தொன்றுதொட்டு வழங்குகிறது. சோளத்தட்டையைப் பற்றிப் பீன்ஸ் கொடி ஏறும். அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். பூசணி இலை நிலத்தை மூடிக் களையை அடக்கும். ஸ்பானியர் வருவதற்கு முன் ஆண்ட அஸ்டெக் அரசர்கள் மாகாணங்களிலிருந்து சோளத்துடன் பயற்றையும் வரியாக வாங்கினர் என்பது 16-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மெண்டோஸா சுவடியால் தெரியவருகிறது. கிஸ்திக் கணக்கில் பழகிய கிராம அதிகாரிகளுக்கு இச்செய்தி சுவையாயிருக்கும். சோளத்திற் குறைந்த லைசின் என்னும் சத்துப் பயற்றில் மிகுதி. பயற்றிற் குறைந்த மெத்தியோனின் சோளத்தில் உண்டு. அரிசியும் உளுந்தும் இட்லியில் ஒன்றுகூடுவது போன்ற சேர்க்கை இது.

அவர்கள் சமைக்கும் வகை மிக எளியது. அரைக் கிலோ பயற்றைக் கல், மண் நீக்கிக் கழுவி, ‘ஓயா’ என்னும் மண்பானையிலிட்டு, ஏறக்குறைய 2 லிட்டர் நீர் வார்த்து, பாதி வெங்காயமும் இரண்டு மூன்று பூண்டுப் பல்லும், ஒரு கரண்டி பன்றிக்கொழுப்பு அல்லது எண்ணெயும் சேர்த்து அடுப்பேற்றுகிறார்கள். முதல் 10 நிமிஷமாவது தளதளவென்று கொதித்தல் வேண்டும். பச்சைப் பயற்றில், விசேஷமாய்ச் சிவப்பு ராஜ்மாவில், வாந்தி பேதியை விளைவிக்கும் லெக்டின் என்னும் நஞ்சு உண்டு. இளஞ்சூட்டில் மட்டும் வைத்தால் அது அழிவதில்லை. பின்னர்த் தீயைத் தணித்து ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் வேகவிடுகிறார்கள். நீர் வற்றினால் வெந்நீரே வார்ப்பது வழக்கம். தென்பகுதியார் விரும்பும் கறுப்புப் பயறாயின், இறக்குமுன் ‘எபசோத்தே’ என்னும் கடுவாசனைக் கீரையை ஒரு கொத்துப் போடுவர். முதல் நாள் சாற்றுடன் கிண்ணத்தில் வார்த்து, நறுக்கிய வெங்காயமும் பச்சைமிளகாயும் தூவிச் சோள ரொட்டியுடன் உண்பர். மறுநாள் எஞ்சியதைக் கொழுப்பில் மசித்து வறுப்பர்; அதன் பெயர் ‘ரெப்ரிதோஸ்’. இருமுறை வறுத்தது என்று பிறநாட்டார் பொருள் கொள்வது பிழை. நன்றாய் வறுத்தது என்பதே பொருள்.

உப்பை முதலில் இட்டால் பயறு வேகாது என்று அங்கும் சொல்லுகிறார்கள், நம் வீடுகளிலும் சொல்லுகிறார்கள். இது சரியன்று. உப்புக் கரைத்த நீரில் ஊறவைத்த பயறு சீக்கிரமே இளகும். தோலிலுள்ள சுண்ணாம்புச் சத்தின் இடத்தை உப்பின் சோடியம் பற்றிக்கொள்வதே காரணம். தடை செய்வன புளிப்பும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீருமேயாம். ஆதலால் தக்காளியைப் பயறு வெந்த பின்னரே சேர்த்தல் வேண்டும்.

இவ்வளவு எளிதான உணவு அந்நாட்டிலேயே குறைந்து வருகிறது. சென்ற சில பத்தாண்டுகளில் தலைக்கு இவ்வளவு என்று உண்ணும் பயற்றின் அளவு வெகுவாய்த் தாழ்ந்துவிட்டது. நகரங்களில் தகர டப்பாவில் அடைத்து வரும் வெந்த பயறு பரவிற்று. இக்காலப் பெண்மக்களின் சோம்பலே இதற்குக் காரணமென்று பலர் எளிதாய்க் கூறிவிடுகின்றனர். நாம் இதனை ஒப்புவதற்கில்லை. பானை அடுப்பிலிருக்கும்போது அருகிற் காவல் நிற்க வேண்டுவதில்லை. கடல்மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்ஸிகோ நகரில் நீர் 92, 93 டிகிரி சூட்டிலேயே கொதித்துவிடுவதால் வேகும் நேரம் நீளுவது மெய்யே. ஆனால் அழுத்தக் குக்கர் அக்குறையைத் தீர்த்துவிட்டது. மனம் சலிப்பது, நான்கு மணி நேரம் எரித்தும் பயறு இளகாதபோதுதான்.

சென்ற ஆண்டு ஒரு கடையில் யான் வாங்கிய ராஜ்மா அத்தகையது. இரவு முழுதும் ஊறிப் பருத்தது. மறுநாள் விறகு தீர்ந்ததேயன்றி விதையின் உள்ளீடு மசியவில்லை. விசாரித்ததில் அது எந்த ஆண்டு விளைந்ததென்று கடைக்காரருக்கே தெரியவில்லை.

வெப்பமும் ஈரமும் கூடிய கிடங்கில் மாதக்கணக்கிற் கிடக்கும் பயற்றில், அணுவறைகளை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருள் சுண்ணாம்புச் சத்துடன் பிணைந்து இறுகிவிடுகிறது. பின்பு எவ்வளவு கொதித்தாலும் அது கரைவது அரிது. ஊறாமலே கல்லாய்க் கிடக்கும் விதையின் குறை வேறு; ஊறியும் வேகாத இவ்விதையின் குறை வேறு. இரண்டையும் சமைப்பவள் தலையிற் போடுவது அநியாயம்.

மெக்ஸிகோவில் மிகுதியாய்ப் பயறு விளைவது ஸகதேகாஸ் மேட்டுநிலத்தில். மானாவாரியாக விதைத்து அக்டோபர், நவம்பர் மாதங்களில் அறுக்கிறார்கள்; அடுத்த செப்டம்பரில் உண்ணும் பயறு ஏறக்குறைய ஓராண்டு கண்டது. குளிர்ந்த வறண்ட அம்மேட்டில் அது பெரிதும் கெடுவதில்லை. வெப்பமான கடற்கரை ஊர்க் கிடங்குகளுக்குச் சென்ற பின்னரே கெடுகிறது. 2008-ஆம் ஆண்டு ஜனவரி முதல் வட அமெரிக்க உடன்படிக்கையின்படி அண்டை நாட்டுப் பயறு சுங்கமின்றி உள்ளே வரலாயிற்று. விலையில் அதனுடன் போட்டியிடுதல் சிறு குடியானவனுக்கு எளிதன்று. அவன் கையிலுள்ள பலம் புதிய பயறு என்பது ஒன்றே. அதனைப் பழைய சரக்குடன் கலந்து விற்கும் வியாபாரியிடம் பேசாமல் ஒப்புவித்துவிட்டால் அந்தப் பலமும் போயிற்று. அந்நாட்டு ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட ‘பிண்டோ சல்டில்லோ’ என்னும் ரகம் நெடுநாள் நிறம் மங்காதது. உழவனுக்கு அது நன்மையே. எனினும் நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவோர்க்கு இனி வயது தெரியாது.

நம்மில் பயறு விளைவிப்போர் இம்முறையைக் கையாளலாம்: நன்கு உலர்த்தி, தரையிற் படாமல் பலகை மேல் அடுக்கி, அறுவடை மாதத்தையும் ஆண்டையும் சாக்கின் மேல் மையால் எழுதுக. இரண்டு ஆண்டுச் சரக்கை ஒரு சாக்கில் கட்டாதிருக்க. கிராமக் கிடங்குகளின் பொறுப்பேற்றுள்ள அதிகாரிகள், விற்பனைக்கு முன் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பிடி எடுத்து இரவு ஊறவைத்து வேகவிட்டு, எத்தனை விதை விரலால் நசுங்கவில்லை என்று எண்ணிப் பார்க்கலாம். இதற்கு வேண்டுவது ஒரு பானையும் ஒரு முற்பகலுமே.