பெரிய பெயரா? பக்கத்துக் கல்லூரியா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்துவிட்டால் பழனி வட்டாரத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். 'சேர்த்தால் பெரிய யுனிவர்சிட்டியில் சேர்க்க வேண்டும்' என்பார் தந்தை. 'பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது?' என்பார் தாய். இரண்டு பேச்சும் மோதி, கடைசியில் அந்தப் பெண் வீட்டோடு நின்றுவிடுகிறாள். பெயர் மோகமும் தூரத்து அச்சமும் சேர்ந்து ஒரு படிப்பையே விழுங்கிவிடுகின்றன!

பெற்றோர்களே! முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் போன்ற கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. பட்டத்தைக் கல்லூரியே தன் பெயரில் வழங்குகிறது. எனவே அங்கே சிறிய கல்லூரியா, பெரிய பல்கலைக்கழகமா என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. நம் நாட்டு நடைமுறை வேறு. பாடம் நடத்துவது கல்லூரி. பட்டம் தருவது அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம்.

கொடைக்கானலில் 1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பழனியிலுள்ள அருள்மிகு பழனியாண்டவர் மகளிர் கலைக் கல்லூரி அதனுடன் இணைந்த கல்லூரிதான். அறுபது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் ஏறாமலேயே, மலைமேல் உள்ள பல்கலைக்கழகத்தின் பட்டம் அடிவாரத்தில் கிடைக்கிறது. தேவஸ்தானக் கல்லூரி என்று நம்மவர் தயங்கவும் தேவையில்லை. படிக்க வரும் பிள்ளைகளுக்கு அதன் கதவு திறந்தே இருக்கிறது.

பெரிய பல்கலைக்கழகம் வேண்டாம் என்பதா நம் வாதம்? இல்லை. ஆய்வுக்கூடம், பெரிய நூலகம், ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர் ஆகியவை முதுகலைக்கும் அதற்கு மேலும் அவசியம். அப்போது மதுரைக்கோ, காந்திகிராமத்துக்கோ, கொடைக்கானலுக்கோ தாராளமாக அனுப்புங்கள். ஆனால் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு, தன் பெயரைச் சொல்லி அழைக்கும் ஆசிரியர் தேவை. புரியாததைத் தயங்காமல் கேட்கக்கூடிய வகுப்பறை தேவை. இளங்கலைக்கு அது சிறிய கல்லூரியில்தான் எளிதில் கிடைக்கும்.

மலைக்குத் தெற்கே பாருங்கள். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956இல் தொடங்கப்பட்டது. மதுரைப் பல்கலைக்கழகம் உருவானதோ 1966இல்! பல்கலைக்கழகம் பக்கத்தில் வரட்டும் என்று முன்னோர்கள் காத்திருந்தார்களா? இருக்கும் ஊரிலேயே கல்விக்கு வழி செய்தார்கள். நாமோ, கண்ணெதிரே கல்லூரி இருந்தும் பிள்ளையை வீட்டில் நிறுத்துகிறோம்.

விண்ணப்பம் வாங்கும் முன் நேரில் சென்று விசாரியுங்கள். நீங்கள் கேட்கும் பாடப்பிரிவு அரசு உதவி பெறுவதா, சுயநிதிப் பிரிவா? கட்டணத்தில் பெரும் வேறுபாடு இங்கேதான். ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பியுள்ளனவா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? கட்டடத்தின் உயரத்தை விட இந்தப் பதில்களே முக்கியம். 2007இல் வந்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டையும் மறவாமல் கேட்டுப் பெறுங்கள்.

பிள்ளை விரும்பும் பாடம் அருகில் இல்லையென்றால்? விடுதி வசதியைப் பார்த்து வெளியூருக்கு அனுப்புங்கள். தூரம் ஒரு சிரமம்தான். படிப்பை நிறுத்த அது காரணமாகக் கூடாது. கல்லூரி சிறியதா பெரியதா என்பதைப் பேசித் தீர்க்கலாம். படிப்பதா வேண்டாமா என்பது மட்டும் நம் வீடுகளில் இனி விவாதப் பொருளாக இருக்கவே கூடாது!